கால் படாத இடம்

செடெனாக்
3 செப்டம்பர் 2023, ஞாயிறு

அன்புள்ள டிரெஸ்ஸர் அவர்களுக்கு,

பக்கத்து வீட்டு ஐயாசாமி எழுதுவது. கையெழுத்தைப் பார்த்து யாரோ சின்னப் பிள்ளை எழுதியது என்று நினைத்துவிட வேண்டாம். நானேதான். உறைமேல் உள்ள முகவரியை மட்டும் யோகேஸ்வரி டீச்சர் இங்கிலீஷில் எழுதித் தந்தார். தமிழ் படித்த தபால்காரர் நமக்கு எங்கே கிடைப்பார். உள்ளே இருப்பதெல்லாம் என் கை. நேற்று முழுவதும் முதல் இரண்டு வரிதான் ஆனது. வீட்டுக்காரி செல்லத்திடம் காட்டினேன். "இதுக்கா ஒரு நாளு?" என்றாள். ஆனால் தாளை வாங்கி இரண்டு தரம் தடவிப் பார்த்தாள்.

படிக்க எனக்கு எப்போதும் தெரியும், அது உங்களுக்கும் தெரியும். காப்பிக்கடையில் தினமும் பேப்பர் பார்க்கிறவன்தானே. எழுதுவதுதான் சின்ன வயதோடு விட்டுப்போயிற்று. உங்கள் தொண்டையில் அறுவை செய்த பிறகு உங்கள் மகள் ஃபெலிசியா பாப்பா போனில் கூப்பிட்டது. நீங்கள் பலகையில் எழுதுவதை அது படிக்க, நான் இங்கிருந்து கத்த, அது ஒரு பேச்சாகவே இல்லை. அதனால் கோயில் மண்டபத்தில் டீச்சர் நடத்தும் வகுப்பில் சேர்ந்தேன். ஆறு மாதம் ஆகிவிட்டது. என்னைத் தவிர எல்லாரும் பெண்கள். எழுபத்தொரு வயதில் பென்சிலைச் சீவிக்கொண்டு போகிறேன். 'பொந்தியான்' என்று எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் இருக்கிற ஊர் அப்படியே தாளில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். உங்கள் வீட்டுக் கெர்ட்ரூட் அம்மா வளர்த்த சிவப்பு இறால்கள் சாகின்றன. பிப்ரவரியில் நீங்கள் தொட்டியை என் கூடத்தில் வைத்துவிட்டுப் போனபோது அறுபதுக்கு மேல் இருந்தன. இப்போது பத்தொன்பது. சாவதற்கு முன்னால் கண்ணாடி ஓரமாக வேகமாகச் சுற்றுகின்றன. பிறகு ஒருபக்கமாகச் சாய்ந்து காலை மட்டும் ஆட்டுகின்றன. மறுநாள் வெளிறிக் கிடக்கின்றன. தீனியில் குறை வைக்கவில்லை. தண்ணீரும் மாற்றுகிறேன். அந்த அம்மா விட்டுப்போன உயிர்கள் என் கூடத்தில் சாவதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. என்ன செய்யலாம் என்று எழுதுங்கள். உங்கள் எழுத்தை நான் எத்தனை நாளானாலும் படித்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஐயாசாமி


பொந்தியான்
11 செப்டம்பர் 2023

ஐயாசாமிக்கு,

கடிதம் வந்தது. மூன்று முறை படித்தேன். கையெழுத்து புரியாமல் அல்ல. இந்த வீட்டுக்கு என் பெயரில் வருவதெல்லாம் ஆஸ்பத்திரிக் கடிதம்தான்.

புண் ஆறிவிட்டது. குரல் இனி இல்லை. கழுத்தில் ஒரு துளை, அது வழியாக மூச்சு. கோபம் வந்தால் பலகையில் எழுதி முடிப்பதற்குள் கோபம் ஆறிவிடுகிறது. மருமகன் இதை நல்ல மாற்றம் என்கிறான்.

நீ எழுதியிருப்பது விஷத்தின் அறிகுறி. நோய் என்றால் மெதுவாக மெலிந்து சாகும். சுற்றி ஓடிச் சாய்வது விஷம். பெக்கோக் தோட்டத்தில் முப்பது வருடம் டிரெஸ்ஸராக மருந்து கொடுத்தவன் சொல்கிறேன். களைக்கொல்லி தெளித்துவிட்டுக் கை கழுவாமல் சாப்பிட்டவர்கள் என்னிடம் வருவார்கள். வயிற்றை அமுக்கிப் பார்ப்பதற்கு முன்னால் நேற்று என்ன செய்தாய் என்றுதான் கேட்பேன். உன்னிடமும் அதைத்தான் கேட்கிறேன். குழாய்த் தண்ணீரை இரண்டு நாள் வாளியில் வைத்த பிறகுதானே ஊற்றுகிறாய்? சோப்புக் கையைத் தொட்டிக்குள் விடுவதில்லையே? வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிய விரலையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். எந்தக் கிழமையில் சாகின்றன என்று நாட்காட்டியில் குறித்து வை. முக்கியமாக, நான் கொடுத்த தாளைப் பார்த்துத்தான் எல்லாம் செய்கிறாயா?

கெர்ட்ரூட் கூலாய் டவுன் கடையில் பன்னிரண்டு இறால் வாங்கி வந்தாள். மருந்து ஏற்றிக்கொண்டு வந்த நாட்களில் கட்டிலைத் தொட்டிப் பக்கம் நகர்த்தச் சொல்வாள். கடைசி மாதம் அவள் பார்த்துக்கொண்டிருந்தது என்னை அல்ல, அவற்றைத்தான். அதில் எனக்கு வருத்தம் இல்லை. இங்கே இரண்டாம் மாடியில் இடமில்லை. உன்னிடம் விட்டேன். வேறு யாரிடமும் விடத் தோன்றவில்லை.

பெர்னார்ட்


செடெனாக்
8 அக்டோபர் 2023, ஞாயிறு

அன்புள்ள டிரெஸ்ஸர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை நானே படித்தேன். யாரையும் கேட்கவில்லை. நான்கு நாள் பிடித்தது. டாக்டர்கள் மாதிரி எழுத்தைக் கோத்துவிடுகிறீர்கள், அதனால்தான்.

நீங்கள் சொன்னபடி நாட்காட்டியில் குறித்தேன். செப்டம்பர் 16 சனி, ஒன்று. 23 சனி, இரண்டு. 24 ஞாயிறு, ஒன்று. 30 சனி, ஒன்று. நேற்று சனி, ஒன்று. இப்போது பதின்மூன்று இருக்கின்றன. 'சனி' என்று எழுதிப் பழகிவிட்டேன், வேறு கிழமை வந்தால்தான் கை நிற்கிறது. இப்படி எழுதுவதில் எனக்கு இருக்கும் சந்தோஷம் செத்ததை எழுதுகிறேன் என்பதை மறக்க வைத்துவிடுகிறது. எழுதி முடித்து வாசித்துப் பார்த்தபோதுதான் முகம் சுண்டிப்போயிற்று.

தண்ணீரை இரண்டு நாள் வாளியில் வைத்துத்தான் ஊற்றுகிறேன். அதை நீங்கள் செய்யும்போதே பார்த்திருக்கிறேன். சோப்பு இல்லை. வெற்றிலையை விட்டு வருடம் இரண்டாகிறது. தாளில் எழுதியபடி ஒன்று விடாமல் செய்கிறேன். தாளை மரியாதையாகச் சாமித் தட்டில், படங்களுக்கு முன்னாலேயே வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை சாமிக்குக் காட்டும் சூடத்தைத் தொட்டிக்கும் காட்டுகிறேன். வீட்டில் இருக்கிற உயிர்தானே.

நம் தெருக் கருப்பாயி உங்களைக் கேட்டதாகச் சொன்னாள். ரயில் நிலையத்துப் பக்கம் அவளுடைய வாழைப்பழப் பொரியல் கடை நன்றாக ஓடுகிறது. வெள்ளிக்கிழமை கடையை மூடிவிட்டு இங்கே வந்து செல்லத்தோடு உட்கார்ந்து தொட்டியைப் பார்ப்பாள். "டிவியைவிட இது தேவலாம், அண்ணே. யாரும் அழ மாட்டேங்குதுங்க" என்கிறாள்.

இப்படிக்கு,
ஐயாசாமி


பொந்தியான்
16 அக்டோபர் 2023

ஐயாசாமிக்கு,

முதலில் ஒன்று. என் இறால்கள் கத்தோலிக்க இறால்கள். அவற்றுக்குச் சூடம் காட்டாதே. புகை தண்ணீரில் படியும். அதை நிறுத்து. ஆனால் அதனால் மட்டும் இவ்வளவு சாகாது.

சனிக்கிழமை சாவு என்றால் வெள்ளிக்கிழமை காரணம். சந்தேகமே இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் உன் வீட்டில் எதுவோ அந்தத் தண்ணீருக்குள் போகிறது. சாமித் தட்டிலிருந்து தாளை எடுத்து மறுபடி படி. இறாலைக் கொல்லக்கூடிய எல்லாவற்றையும் ஒன்பது வரியில் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு வரியாகப் படித்து, வெள்ளிக்கிழமையோடு ஒப்பிட்டுப் பார். அதில் உன் பதில் இருக்கும்.

கண்டுபிடிக்க முடியாவிட்டால் சொல்லிவிடு. ஜொகூர் பாருவிலிருந்து மகன் கில்பர்ட்டை ஒரு பெட்டியோடு அனுப்பி மிச்சத்தை எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். அவனுக்கு அதில் ஆசை இல்லை. ஒரு வருடம்கூட வைத்திருக்க மாட்டான். ஆனாலும் பதின்மூன்றையும் எண்ணி எண்ணிக் குறைவதை நான் இங்கிருந்து படித்துக்கொண்டிருக்க முடியாது.

பெர்னார்ட்


செடெனாக்
24 அக்டோபர் 2023

டிரெஸ்ஸர் அவர்களுக்கு,

கை வலி. அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். தாளைப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் செய்கிறேன். காரணம் தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை கருப்பாயி வரும்போது கொசுவுக்கு மருந்து அடிக்கிறாள். தொட்டிப் பக்கத்தில் உட்காருவதால் அது தண்ணீரில் விழுகிறது. இனி அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். கில்பர்ட் தம்பியை அனுப்ப வேண்டாம்.

ஐயாசாமி


பொந்தியான்
1 நவம்பர் 2023

ஐயாசாமிக்கு,

கொசு மருந்து. ஆறாவது வரியில் எழுதியிருந்தேன். நல்ல வேளை.

ஃபெலிசியாவைக் கருப்பாயிக்குப் போன் செய்யச் சொன்னேன். பக்குவமாகச் சொல் என்று பலகையில் எழுதினேன். அவள் பலகையில் இல்லாததையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். "எங்கம்மா போனதுக்கப்புறம் மிச்சம் இருந்தது அதுதான், ஆன்ட்டி. உங்களுக்குக் கொஞ்சம்கூட யோசனை இல்லையா?" என்று அவள் கேட்டது என் காதில் விழுந்தது. கையைப் பிடித்து நிறுத்தினேன். அதற்குள் மறுபக்கம் போனை வைத்துவிட்டார்கள். கெர்ட்ரூட்டுக்கு எதுவும் இறங்காத நாட்களில் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தவள் கருப்பாயி. எனக்குச் சங்கடமாக இருக்கிறது. நீ பார்த்தால் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். நான் உன்னைத்தான் சந்தேகப்பட்டேன். நாளை கல்லறைத் திருநாள். கெர்ட்ரூட்டிடம் போய் நிற்பதற்கு முன்னால் உன்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது.

பெர்னார்ட்


செடெனாக்
19 நவம்பர் 2023, ஞாயிறு

அன்புள்ள டிரெஸ்ஸர் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை ஐந்து நாளாக எழுதுகிறேன். கை வலி இல்லை. போன கடிதத்திலும் கை வலி இல்லை.

இறாலைக் கொன்றது நான். கருப்பாயி எந்த மருந்தும் அடிக்கவில்லை.

எனக்குப் படிக்கத் தெரியாது. இப்போது தெரியும். பிப்ரவரியில் தெரியாது. காப்பிக்கடையில் பேப்பரை முதலில் என்னிடம் நீட்டுவீர்கள். நான் படம் உள்ள பக்கமாகப் பார்ப்பேன். செத்தவர்கள் படத்தைப் பார்த்துப் 'பாவம்' என்பேன். பிறகு "கண்ணு கூசுது, நீங்க சத்தமா படிங்க டிரெஸ்ஸர்" என்று உங்களிடம் தருவேன். நீங்கள் படித்ததை வீட்டுக்கு வந்து நான் படித்ததாகச் செல்லத்திடம் சொல்வேன். தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டினேன், பிறகு பேக்டரி வாசலில் ஜாகாவாகக் காவல் இருந்தேன். இரண்டுக்கும் எழுத்து தேவைப்படவில்லை. உங்கள் பக்கத்து வீட்டுக்கு வந்த பிறகுதான் அது வெட்கமாகிவிட்டது.

நீங்கள் தாளைக் கொடுத்தபோது கண்ணை வரிவரியாக ஓட்டி, "சரி, புரிஞ்சுது" என்றேன். பிறகு அதைச் சாமித் தட்டில் வைத்தேன். அதன்மேல் தாமிரச் சொம்பை வைத்தேன்.

வியாழக்கிழமை சாயந்திரம் செல்லம் அந்தச் சொம்பைப் புளி போட்டுப் பளபளவென்று விளக்கி, தண்ணீர் நிரப்பி, துளசி போட்டு வைப்பாள். வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் நாங்கள் ஆளுக்கு ஒரு வாய் குடிப்போம். மிச்சத்தைக் கால் படாத இடத்தில் ஊற்ற வேண்டும். தோட்டத்து வீட்டில் செடி இருந்தது. இந்தத் தாமான் வரிசை வீட்டில் வாசல் முழுக்க சிமெண்ட், அதைத் தாண்டினால் கால்வாய். வருடக்கணக்காக அந்தத் தண்ணீரை எங்கே ஊற்றுவது என்று தடுமாறியிருக்கிறேன். உங்கள் தொட்டி வந்ததும் நிம்மதியாக இருந்தது. யார் காலும் படாத இடம். அந்த அம்மாவின் உயிர்களுக்கும் நல்லது என்று நினைத்தேன். வாரம் தவறாமல் அரைச் சொம்பு ஊற்றினேன். அதைத் தண்ணீர் மாற்றுவதாகவே நான் எண்ணவில்லை, அதனால்தான் நீங்கள் கேட்டபோது சொல்லத் தோன்றவில்லை.

நீங்கள் மறுபடி படி என்று எழுதிய கடிதம் அக்டோபர் 20 வெள்ளிக்கிழமை வந்தது. மத்தியானம் சொம்பைத் தூக்கிவிட்டுத் தாளை எடுத்தேன். நடுவில் சொம்பின் அடி வட்டமாகப் பதிந்திருந்தது. முதல் நான்கு வரியையும் சந்தோஷமாகத்தான் படித்தேன். வாளித் தண்ணீர், சோப்பு, தீனி, வெயில். எட்டு மாதம் கழித்து உங்கள் பேச்சைக் கேட்பது போல இருந்தது. ஐந்தாவது வரி: 'தாமிரம், பித்தளைப் பாத்திரத்தில் வைத்த தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது. இறாலுக்கு அது விஷம்.' ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். தவறாகப் படித்திருப்பேன் என்று நினைத்து மறுபடி கூட்டினேன். எழுபத்தொரு வயதில் படிப்பு வந்து, நானாகத் தேடிப் படித்த முதல் தாள் அதுதான்.

அன்று பூசை முடிந்து சொம்போடு நின்றேன். ஊற்ற இடமில்லை. நானே முழுவதையும் குடித்தேன்.

உண்மையை எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதினால் படிக்கத் தெரியாததையும் எழுத வேண்டும். கில்பர்ட் தம்பி பெட்டியோடு வரும். அப்போது ஜன்னலுக்கு வெளியே கருப்பாயி போவது தெரிந்தது. அவள் பெயரை எழுதிவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. செல்லம் என்ன எழுதினீர்கள் என்று கேட்டாள். படித்துக் காட்டினேன். "ஆறு மாசம் பென்சிலைச் சீவினது இதுக்குத்தானா?" என்றாள். ஆனாலும் நான் அனுப்பிவிட்டேன்.

தீபாவளிக்குக் கருப்பாயி வரவில்லை. அவள் வீட்டு முறுக்கும் வரவில்லை. போன செவ்வாய்க்கிழமை தாளை எடுத்துக்கொண்டு அவள் கடைக்குப் போனேன். கூட்டம் இல்லாத நேரம்.

"என்ன அண்ணே, எறாவுக்குப் பதினாறாம் நாளா? சொல்லிவிட வந்தீங்களா?" என்றாள்.

"உன் மேல பழி போட்டது நான்தான், கருப்பாயி."

"வேற யாரு? எனக்கு இழுப்பு இருக்குறது உங்களுக்குத் தெரியாதா? கொசு மருந்து வாடை பட்டா அன்னைக்கே ஆஸ்பத்திரி. பொய் சொல்றதுன்னா ஆளப் பாத்துச் சொல்லணும் லா."

அவள் எப்போதும் இடுப்பில் வைத்திருக்கும் மருந்துக் குழாய் எனக்கு நினைவுக்கே வரவில்லை, டிரெஸ்ஸர். வாரம் ஒருமுறை என் வீட்டில் உட்காருகிறவள்.

தாளைக் காட்டினேன். "எனக்கென்ன தெரியும், படிங்க" என்றாள். படித்தேன். ஒன்பது வரியும் படிக்க நேரமானது. எண்ணெய் புகைந்தது. அடுப்பை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். "அஞ்சாவது வரிய இன்னொரு தரம் படிங்க" என்றாள். படித்தேன். "கெர்ட்ரூட் அம்மாவுக்குக் கஞ்சி கரைச்ச கை இது. அவங்க மக யோசனை இல்லையான்னு கேட்டுச்சு. அத நீங்க எந்தத் தாள்ல படிச்சு அழிப்பீங்க?" என்றாள். தாளை மடித்துக்கொண்டே நின்றேன். "நிக்காதீங்க, ஆளு வர்ற நேரம்" என்று அடுப்பைப் பற்றவைத்தாள்.

ஒன்பது இறால் இருக்கின்றன. தாளைப் படித்த வெள்ளிக்கிழமைக்கு முந்தின வாரம் ஊற்றியதில் பாதிக்கப்பட்டவை நான்கும் போய்விட்டன. அதற்குப் பிறகு ஒன்றும் சாகவில்லை. கில்பர்ட் தம்பியை அனுப்புங்கள். ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்துவிடுகிறேன்.

வெட்கத்துடன்,
ஐயாசாமி


பொந்தியான்
27 நவம்பர் 2023

ஐயாசாமிக்கு,

கோபம் இருக்கிறது. இறாலுக்காக அல்ல. கருப்பாயிக்காக. இது பலகையில் எழுதி ஆறுகிற கோபம் இல்லை. அதைச் சொல்லிவிட்டு மற்றதை எழுதுகிறேன்.

அவளுக்கு இழுப்பு இருப்பது எனக்கும் தெரியும். மருந்துக் குழாயை எப்படி உறிஞ்ச வேண்டும் என்று காட்டிக் கொடுத்ததே நான். அவள் கொசு மருந்து அடித்தாள் என்று நீ எழுதியபோது ஒரு டிரெஸ்ஸருக்கு உடனே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வந்தது. ஓரமாகத் தள்ளினேன். நீயாக இருக்கக் கூடாது என்பதற்காக அவளாக இருக்கட்டும் என்று விட்டேன். ஃபெலிசியாவின் கையில் போனைக் கொடுத்தவனும் நான்தான்.

உனக்குப் படிக்கத் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும். கெர்ட்ரூட்டின் ஆஸ்பத்திரித் தாளில் சாட்சிக் கையெழுத்துக் கேட்டபோது, "கண்ணாடி கொண்டுவரல" என்று மூன்று முறை பையைத் தடவினாய். நீ கண்ணாடி போட்டு நான் பார்த்ததே இல்லை. மறுநாளும் பேப்பரை முதலில் உன்னிடம்தான் நீட்டினேன். அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். என் குரலில் பாதி அந்தக் காப்பிக்கடையில் உனக்குப் பேப்பர் படித்தே போயிருக்கும். அதில் வருத்தம் இல்லை.

வருத்தம் தாளைப் பற்றி. உன்னால் படிக்க முடியாது என்று தெரிந்தே நீட்டினேன். நீ கண்ணை ஓட்டியதையும் பார்த்தேன். படித்துக் காட்டினால் உனக்கு வெட்கமாக இருக்கும் என்று நினைத்ததாக இவ்வளவு நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. அந்த நேரத்தில் உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஒன்பது வரி. இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அன்று எனக்குக் குரல் இருந்தது.

கில்பர்ட் வர மாட்டான். ஒன்பதும் உன்னிடமே இருக்கட்டும். வாரம் இருமுறை நான்கில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்துவிட்டு, வாளியில் வைத்த தண்ணீரை மெதுவாக ஊற்று. பாசியைப் பிடுங்காதே. ஃபெலிசியா சனிக்கிழமை கருப்பாயியைப் பார்க்க வருகிறாள். கூட நானும் வருகிறேன். என்னால் பேச முடியாது. நின்றுவிட்டு வருகிறேன்.

பெர்னார்ட்


செடெனாக்
7 ஜனவரி 2024, ஞாயிறு

அன்புள்ள டிரெஸ்ஸர் அவர்களுக்கு,

அன்றைக்கு நீங்கள் கருப்பாயி கடை முன்னால் பலகையை நீட்டியபோது, அதில் எழுதியிருந்ததை அவளுக்கு நான்தான் படித்துச் சொன்னேன். அதைப் பற்றி நாம் இருவரும் எழுதிக்கொள்ள வேண்டாம். அவள் இன்னும் வீட்டுக்குள் வரவில்லை. போன வெள்ளிக்கிழமை கேட் வரைக்கும் வந்து, "எத்தனை இருக்கு?" என்று செல்லத்திடம் கேட்டுவிட்டுப் போனாள்.

எட்டு இருந்தன. ஒன்று வயதாகிப் போயிருக்கும் என்று நினைக்கிறேன். இன்று காலையில் பாசிக்குள் நூல் துண்டு மாதிரி ஏதோ நகர்ந்தது. முகத்தைக் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தேன். குஞ்சுகள். எண்ண முடியவில்லை, நகர்ந்துகொண்டே இருக்கின்றன. நாட்காட்டியில் முதல் தடவையாகச் சாவாக இல்லாத ஒன்றைக் குறித்தேன். ஞாயிறு என்று எழுதினேன், எத்தனை என்று எழுதவில்லை.

அடுத்த வாரம் எனக்குக் கண் அறுவை. கண் கூசுது என்று அத்தனை வருடம் சொன்னது இப்போது நிஜமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் தங்கி, திரும்பி வந்து குனியாமல் இருக்க வேண்டுமாம். பத்து நாள் தொட்டியைச் செல்லம்தான் பார்க்க வேண்டும். அதனால் உங்கள் ஒன்பது வரியையும் பெரிய எழுத்தில் புதுத் தாளில் எழுதினேன். நன்றாக வந்தது. தொட்டியின் பக்கத்துச் சுவரில் ஒட்டினேன். பசையைத் தடவித் தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் நினைவு வந்தது, அவளுக்குப் படிக்கத் தெரியாது. இத்தனை மாதம் வகுப்புக்குப் போய் வந்தவன், ஒரு நாள்கூட நீயும் வா என்று அவளைக் கூப்பிடவில்லை. அங்கே இருந்ததெல்லாம் பெண்கள்தான்.

கூப்பிட்டு உட்கார வைத்து ஒன்பது வரியையும் வாயால் சொன்னேன். ஐந்தாவதை இரண்டு தரம் சொன்னேன்.

"கேட்டுட்டேன். சொம்பைத்தான் அலமாரி மேல ஏத்திட்டீங்களே, அப்புறம் என்ன?" என்றாள்.

பிறகு எழுந்து போகாமல் சுவர்ப் பக்கம் வந்தாள். ஈரம் காயாத தாளில் விரலை வைத்து, "இதுல தண்ணி எது?" என்று கேட்டாள்.

காட்டினேன்.

ஐயாசாமி